எதிர் நாற்காலியில் யார்? நகரத் தொழிலாளர் பேச்சுவார்த்தையின் கதை

இன்னைக்கு ஒரு நாற்காலியைப் பத்திப் பேசப் போறோம். ராஜாவோட சிம்மாசனம் இல்ல. ஒரு அலுவலகத்துல, சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் போட்டிருக்குற பிளாஸ்டிக் நாற்காலி.

சில வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஒரு விஷயத்துல இருந்து தொடங்குறேன். புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு ஊர். பேர் வேண்டாம். அந்த ஊர் உள்ளாட்சியில ஒப்பந்தத்துல வேலை பார்க்குற தூய்மைப் பணியாளர்கள் ஆறு பேர், அதுல நாலு பேர் பெண்கள், ஒரு மனு எழுதித் தரச் சொல்லி என்கிட்ட வந்தாங்க. கலெக்டர் நிர்ணயிச்ச தினக்கூலி ஒண்ணு இருக்கு. அது இவங்க கைக்கு முழுசா வரலை. அவ்வளவுதான் பிரச்சினை.

மனுவை எடுத்துக்கிட்டு அலுவலகம் போனோம். "நீங்க எங்க ஆளுங்க இல்லம்மா, காண்டிராக்டர்கிட்ட கேளுங்க"ன்னாங்க. காண்டிராக்டரோட சூப்பர்வைசர், "டெண்டர்ல என்ன ரேட் போட்டாங்களோ அதைத்தான் நான் தர முடியும், ஆபீஸ்ல கேளுங்க"ன்னாரு. கவுன்சிலர் ஒருத்தரைப் பார்த்தோம். "தீர்மானம் வேணா போடலாம், காசு மேல இருந்துல்ல வரணும்"ன்னாரு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தோம். பத்து நாள் கழிச்சு அந்த மனு, உரிய நடவடிக்கைக்காகன்னு, முதல்ல நாங்க போன அதே அலுவலகத்துக்கே வந்து சேர்ந்துச்சு.

அன்னைக்கு அந்த ஆறு பேர்ல மூத்தவங்க, நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன், வாசப்படியில உட்கார்ந்துகிட்டு என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, எங்க பக்கம் பேச ஆறு பேரு வந்திருக்கோம். அவங்க பக்கம் பேசறது யாருப்பா?"

என்னால பதில் சொல்ல முடியலை. அந்தக் கேள்வியோட வரலாறுதான் இன்னைக்கு நம்ம எபிசோட். நம்ம ஊர்ல கடந்த நூறு வருஷமா நடந்த தொழிலாளர் சட்டச் சண்டையில பெரும்பகுதி, தொழிலாளி பக்கத்து நாற்காலியில யார் உட்காரலாம்ங்கறதைப் பத்தினது. அந்தச் சண்டையை ஓரளவு ஜெயிச்சோம். ஆனா நிமிர்ந்து பார்த்தா, எதிர்ப்பக்க நாற்காலி காலியாக் கிடக்கு.

முதல்ல 1918-க்குப் போவோம். சென்னை, பெரம்பூர்ப் பக்கம். பின்னி கம்பெனியோட பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். மதியச் சாப்பாட்டுக்குக் குடுக்குற இடைவேளை போதலைங்கறதுதான் அங்க முதல் குறைகள்ல ஒண்ணு. ஓடிப்போய் கையை நனைச்சுட்டு ஓடிவரணும். பக்கத்துல துணிக்கடை வச்சிருந்த செல்வபதி செட்டியாரும், அவரோட நண்பர் ராமானுஜுலு நாயுடுவும் இந்தக் குறைகளைக் கேட்டாங்க. ரெண்டு பேருமே ஆலைத் தொழிலாளிகள் இல்ல. அவங்க தேடிப்போனது பி.பி. வாடியாவை. பம்பாய் பார்சி. அன்னி பெசன்ட்டோட பிரம்மஞான சபையில, 'நியூ இந்தியா' பத்திரிகையில இருந்தவர். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. வாடியா தலைவர். துணைத் தலைவர்கள்ல ஒருத்தர் திரு.வி.க. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். ஆயிரக்கணக்கான தமிழ், தெலுங்குத் தொழிலாளிகள் தங்களுக்காகப் பேச ஏன் ஒரு பம்பாய் பார்சியைப் பிடிக்கணும்? அவருக்குத் தறி ஓட்டத் தெரியாது. தமிழ்லயும் பேச வராது, மொழிபெயர்ப்பாளர் வேணும். காரணம் ரொம்ப எளிமையானது. உள்ள இருந்து ஒருத்தன் பேசினா மறுநாள் காலையில அவனுக்கு வேலை இருக்காது. வாடியாவை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது. பேச்சுத் திறமையை விட, நீக்க முடியாத ஆளா இருக்கறதுதான் அன்னைக்கு முதல் தகுதி.

கம்பெனிக்கும் இது தெரியும். அதனாலதான் "வெளியாள்"ங்கற வார்த்தையை அவங்க பிடிச்சுக்கிட்டாங்க. எங்க தொழிலாளிங்களோட நாங்க பேசிக்கிறோம், நடுவுல நீ யாரு? இந்தக் கேள்வியை அவங்க கடைசியில கோர்ட்டுக்கே கொண்டு போனாங்க. 1920-ல, வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளிகளைத் தூண்டினார்னு வாடியா மேலயும் சங்கத்தோட மத்த தலைவர்கள் மேலயும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. தடையாணையும் வந்தது, பெருந்தொகை நஷ்டஈடும் கேட்கப்பட்டது. கடைசியில ஏற்பட்ட சமரசம் என்ன தெரியுமா? வாடியா சங்கத்தை விட்டு விலகணும், கம்பெனி வழக்கைத் திரும்ப வாங்கிக்கும். அதாவது தொழிலாளிகளோட பிரதிநிதி யாரா இருக்கக் கூடாதுங்கறதை முதலாளி தீர்மானிச்சாரு. அதுக்கு அடுத்த மாதங்கள்ல, 1921-ல, நடந்த வேலைநிறுத்தம் சாதி வழியா உடைஞ்சு, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போய்த் தோத்தது தனிக் கதை. அதுக்கே ஒரு எபிசோட் வேணும்.

அதே 1918-ல, சென்னைச் சங்கம் பிறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, அகமதாபாத்துல வேற மாதிரி நடந்திருந்தது. அங்கேயும் ஆலைத் தொழிலாளிகள், அங்கேயும் ஒரு வெளியாள், அவர் பேரு காந்தி. ஆனா அங்க ஆலை முதலாளிகள் மேசைக்கு வந்தாங்க. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு ஆனந்தசங்கர் துருவாங்கற பேராசிரியரை நடுவரா வச்சாங்க. அவர் 35 சதவீதம் உயர்வுன்னு முடிவு சொன்னார். அங்க முதலாளி பக்கத்துல அம்பாலால் சாராபாய்னு பேரும் முகமும் உள்ள ஒரு மனுஷர் இருந்தார். தொழிலாளிகள் பக்கம் நின்ன அனசூயா பென் அவரோட கூடப் பிறந்த அக்கா. எதிர்ல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

சென்னை வழக்கு ஒரு நல்லதையும் செஞ்சது. வாடியாவுக்கே இந்த கதின்னா நாளைக்கு யாரும் சங்கம் நடத்த முடியாதேங்கற பயம் நாடு முழுக்க வந்தது. 1921 மார்ச்ல என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். அதுல இருந்து வளர்ந்ததுதான் 1926-ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டம். பதிவு பெற்ற சங்கத்து மேல அந்த மாதிரி நஷ்டஈட்டு வழக்கு போட முடியாதுன்னு சட்டம் சொன்னது. நிர்வாகிகள்ல பாதிப் பேர் வரைக்கும் வெளியாட்களா இருக்கலாம்னும் சொன்னது. "வெளியாள்"ங்கற வசைச்சொல் சட்டப்படி ஒரு பதவியாச்சு. பின்னாடி 2001-ல அந்தப் பாதியை மூணுல ஒரு பங்கு, இல்லைன்னா அஞ்சு பேர், இதுல எது குறைவோ அதுன்னு குறைச்சாங்க.

நம்ம புதுக்கோட்டைக்கு ஒரு சின்ன அடிக்குறிப்பு. 1926 சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் போட்ட சட்டம். நாம அப்போ தொண்டைமான் சமஸ்தானம். பக்கத்துல திருச்சி பொன்மலையில ரயில்வே தொழிலாளிகள் சங்கம், வேலைநிறுத்தம்னு இருந்தப்ப, அந்தச் சட்டத்தோட எல்லைக்கு வெளிய இருந்தது நம்ம ஊர். 1912-லயே நகராட்சி வந்துடுச்சு. அங்க தெருக் கூட்டினவங்க, கழிவு அள்ளினவங்க, யார்கிட்டப் போய் எதைக் கேட்டிருப்பாங்க? 1948 மார்ச் 3-ல சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்ச பிறகுதான் இந்தச் சட்டங்கள் எல்லாம் நமக்கும் சொந்தமாச்சு.

சரி, ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் வந்தாச்சு. நகராட்சித் தொழிலாளிக்கு? நகராட்சி ஆலை இல்லையே, லாபம் பார்க்குற கம்பெனி இல்லையே. அங்க நடக்குறது 'தொழில் தகராறு' ஆகுமா? இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது வங்காளத்துல பட்ஜ் பட்ஜ்னு ஒரு சின்ன நகராட்சியில இருந்து. அங்க சேர்மன் ஒரு தலைமை குமாஸ்தாவையும் ஒரு சுகாதார ஆய்வாளரையும் வேலையை விட்டு நீக்கினாரு. சங்கம் தட்டிக் கேட்டது. நகராட்சி, "நாங்க அரசாங்கத்தோட ஒரு கை மாதிரி, எங்களுக்கும் தொழில் தகராறு சட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு வாதாடியது. தீர்ப்பு எழுதினவர் நம்ம சென்னைக்காரர், நீதிபதி சந்திரசேகர அய்யர். நகராட்சியிலயும் தொழில் தகராறு உண்டுன்னு அவர் சொன்னார். 1960-ல நாக்பூர் மாநகராட்சி வழக்குல எந்தெந்தப் பிரிவுன்னு விவரமாப் பார்த்தாங்க. 1978-ல பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு அந்தக் கதவை இன்னும் அகலமாத் திறந்தது.

எனக்கு இந்த வழக்குகள்ல பிடிச்சது தீர்ப்பு இல்ல, வாதம். சம்பளம், வேலைன்னு பேச்சு வந்ததும் நகராட்சி "நான் முதலாளி இல்ல"ன்னு சொல்லுது பாருங்க. இந்த வாக்கியம் அப்புறம் வேற வேற வேஷத்துல வந்துக்கிட்டே இருக்கும்.

1947 தொழில் தகராறு சட்டத்துல 36-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருந்தது. யார் யாருக்காகப் பேசலாம்ங்கறதுக்கான பிரிவு அது. தொழிலாளிக்குச் சங்க நிர்வாகி. முதலாளிக்கு முதலாளிகள் சங்கத்தோட நிர்வாகி, அதுல உறுப்பினர் இல்லைன்னா அதே தொழில்ல இருக்குற இன்னொரு முதலாளி கூடப் பேசலாம். சமரசப் பேச்சுவார்த்தையில வக்கீல் கூடாது. ஏன் கூடாது? வக்கீல் வந்தா பேச்சு வழக்காகிடும், காசுள்ளவன் பெரிய வக்கீலை வச்சுக்குவான்.

பேச வர்ற ஆள் யார்ங்கறது ஏன் இவ்வளவு முக்கியம்? கையெழுத்துதான் காரணம். நம்ம பஸ் தொழிலாளிகள் "12(3) ஒப்பந்தம்"னு சொல்லக் கேட்டிருப்பீங்க. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில சமரசம் பேசி கையெழுத்து ஆனா, 1947 சட்டப்படி அது 12(3)-ஆ இருந்தது. அந்த ஒப்பந்தம் கையெழுத்து போட்ட சங்கத்தை மட்டும் இல்ல, அந்த நிறுவனத்துல இருக்குற எல்லாத் தொழிலாளியையும் கட்டுப்படுத்தும். போடாதவனையும், இனிமே வேலைக்குச் சேரப் போறவனையும் சேர்த்து. அப்போ ஒரு பேனா, இன்னும் பிறக்காத வேலைக்காரனுக்கும் சம்பளம் எழுதுது.

2018 ஜனவரி ஞாபகம் இருக்கா? பொங்கலுக்கு முன்னாடி ஒரு வாரம் பஸ் ஓடலை. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துல மூட்டை முடிச்சோட உட்கார்ந்திருந்த கூட்டத்தை நான் பார்த்தேன். பிரச்சினை ஒரு எண். பழைய அடிப்படைச் சம்பளத்தை எதால பெருக்குறது? பல சங்கங்கள் 2.57 கேட்டுச்சு, அரசு 2.44-ல நின்னது. 4-ஆம் தேதி சில சங்கங்கள் 2.44-க்குக் கையெழுத்து போட்டுட்டாங்க. மத்தவங்க போடலை, வெளிய வந்தாங்க, வண்டி நின்னது. போட்டவங்க எத்தனை தொழிலாளிகளோட பிரதிநிதி, போடாதவங்க எத்தனை பேரோட பிரதிநிதி? சண்டையே அதுதான். கடைசியில சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனைப் பேச்சுவார்த்தை நடத்த நியமிச்ச பிறகுதான் வண்டி கிளம்புச்சு.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் தொழிலாளி பக்கம். அந்தப் பக்கம் எப்படி? பஸ் விஷயத்துல ஒரு வசதி உண்டு: அந்தப் பக்கம் போக்குவரத்து அமைச்சர் உட்காருவார். திட்டலாம், கெஞ்சலாம், ஆனா ஆள் இருக்கு. நகராட்சியில?

இங்க கொஞ்சம் வெளிநாடு போயிட்டு வரலாம். 1968, அமெரிக்காவுல மெம்ஃபிஸ் நகரம். பிப்ரவரி 1-ஆம் தேதி குப்பை வண்டியோட இயந்திரத்துக்குள்ள சிக்கி ரெண்டு தொழிலாளிகள் செத்தாங்க. 12-ஆம் தேதியில இருந்து சுமார் 1,300 கறுப்பினத் தூய்மைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம். அவங்க தலைவர் டி.ஓ. ஜோன்ஸ், சங்கம் சேர்த்ததுக்காக 1963-லயே நகராட்சி வேலையில இருந்து நீக்கப்பட்டவர். பெரம்பூர்ல பயந்தது அங்க நடந்தே இருந்தது. மேயர் ஹென்றி லோப், சங்கத்தை அங்கீகரிக்கவே மாட்டேன்னு நின்னார். அவங்களுக்கு ஆதரவா வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ல அந்த ஊர்லயே சுட்டுக் கொல்லப்பட்டார். 16-ஆம் தேதி ஒப்பந்தம் வந்தது. மேயர் பிடிவாதமா நின்னதால, மத்திய அரசு அதிகாரி ஒருத்தர் நடுவுல இருந்து பேச, நகர சபை தீர்மானம் போட்டு அதை ஏத்துக்கிச்சு. அவ்வளவு விலை குடுத்துத்தான் எதிர்ப்பக்கத்துல ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடிஞ்சது.

அதே 1968-ல கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. நகராட்சிகள் தங்களோட ஊழியர் சங்கங்களோட உட்கார்ந்து நல்ல மனசோட பேசியே ஆகணும்னு. இன்னொரு விதியும் அங்க இருக்கு. பேரம் பேச தன் பிரதிநிதிக்கு என்ன வரம்புன்னு நகர சபை மூடிய கதவுக்குப் பின்னாடி பேசிக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி, திறந்த கூட்டத்துல, நம்ம சார்பா பேசப் போறது இன்னார்னு சொல்லிடணும். எவ்வளவு தருவோம்ங்கறது ரகசியம், யார் பேசுவாங்கங்கறது ரகசியம் இல்ல. அந்த ஊர் சங்கமே ஜெயிச்சுக்கிட்டு இருக்குன்னு நான் சொல்ல வரலை. ஆனா அந்த வாசப்படி அக்காவோட கேள்விக்கு அங்க ஒரு காகிதத்துல பதில் இருக்கு.

நம்ம ஊர்ல நகராட்சியோ மாநகராட்சியோ தன் சார்பா பேச ஒருத்தரை இப்படித் தேர்ந்தெடுக்குற பழக்கமே வளரலை. புதுக்கோட்டை 2024-ல மாநகராட்சி ஆச்சு. போர்டு மாறுச்சு, மேயர் வந்தாங்க. ஆனா கமிஷனரை நியமிக்கிறது மாநில அரசு. பணியிடம் எத்தனைன்னு சொல்றது மாநில அரசு. கீழ்மட்டக் கூலியை வருஷா வருஷம் நிர்ணயிக்கிறது கலெக்டர். ஆள் வைக்கிறது ஒப்பந்ததாரர். ஒவ்வொருத்தர் கையிலயும் நாற்காலியோட ஒரு கால் இருக்கு, உட்கார ஆள் இல்ல.

2025 ஆகஸ்ட்ல சென்னை ரிப்பன் மாளிகை வாசல்ல நடந்ததும் இதுதான். 5, 6-ஆவது மண்டலங்களோட தூய்மைப் பணி தனியாருக்குப் போச்சு. தங்கள் சம்பளம் 23 ஆயிரத்துக்குப் பக்கத்துல இருந்து 16 ஆயிரத்துப் பக்கம் இறங்கிடும்னு தொழிலாளிகள் சொன்னாங்க. 1-ஆம் தேதியில இருந்து நடைபாதையில உட்கார்ந்தாங்க. பல சுற்றுப் பேச்சு நடந்தது. அமைச்சர்கள் வந்தாங்க, மேயர் வந்தாங்க, கமிஷனர் வந்தார். பேச்சு முடியலை. 13-ஆம் தேதி நள்ளிரவுல, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவங்களை அப்புறப்படுத்துச்சு. ஒப்பந்தம் தனியாரோட, முடிவு மாநகராட்சியோட, நிதி அரசோட. அங்கேயும் அதே மூணு வாசல்தான்.

அந்த 6-ஆவது மண்டலத்தோட பேர் என்ன தெரியுமா? திரு.வி.க. நகர். பின்னி ஆலை இருந்த அதே வட்டாரம்.

இப்போ புதுச் சட்டம் வந்திருக்கு. 2025 நவம்பர் 21-ல இருந்து தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறையில். 1926 சட்டமும் 1947 சட்டமும் அதுக்குள்ள கரைஞ்சு போச்சு. ஒரு நிறுவனத்துல 51 சதவீதத் தொழிலாளிகள் உள்ள சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எதுவும் இல்லைன்னா, 20 சதவீதமாவது வச்சிருக்குற சங்கங்கள் சேர்ந்து ஒரு பேச்சுவார்த்தைக் குழு. 2018 மாதிரிக் குழப்பத்துக்கு இதுல ஒரு பதில் இருக்குன்னு நான் ஒத்துக்கறேன். சின்னச் சங்கங்கள் நசுங்கும்ங்கற பயமும் நியாயம்தான். ஆனா சட்டம் இப்பவும் எண்ணிக் கணக்குப் பார்க்குறது தொழிலாளி பக்கத்தை மட்டும்தான்.

அந்த ஆறு பேருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா நீங்க மெயில் போடுவீங்க. நாங்க தொழிலாளர் துறைக்குப் போனோம். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-ல ஒரு பிரிவு, ஒப்பந்ததாரர் கூலி குடுக்கலைன்னா முதன்மை வேலையளிப்பவர் குடுக்கணும்னு அப்போ சொன்னது. அதைக் காட்டி மனுவுல ரெண்டு பேர் பேரையும் எழுதினோம். முதல் தேதிக்கு அலுவலகத்துல இருந்து யாரும் வரலை. காண்டிராக்டர் பக்கம் அந்த சூப்பர்வைசர் தம்பி வந்தார். அதிகாரி அவர்கிட்ட, "உங்ககிட்ட அதிகாரக் கடிதம் இருக்கா? முடிவெடுத்துக் கையெழுத்து போட முடியுமா?"ன்னு கேட்டாங்க. அவர் போனை எடுத்துக்கிட்டு வெளிய போனார். ஒத்திவைப்பு. ரெண்டாவது தேதியும் அப்படித்தான். அந்த ஒவ்வொரு தேதிக்கும் அந்த ஆறு பேருக்கு ஒரு நாள் கூலி போச்சு.

மூணாவது தேதிக்கு ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் உள்ளாட்சி அலுவலகத்துல இருந்து, கையில சீல் போட்ட ஒரு கடிதத்தோட. இன்னொருத்தர் காண்டிராக்டரே. அதிகாரி கடிதத்தை வாங்கிப் படிச்சு ஃபைல்ல வச்சாங்க. வந்தவர் தொண்டையைச் செருமிக்கிட்டுப் பேச ஆரம்பிச்சார். அக்கா என் பக்கமா சாய்ஞ்சு மெதுவாக் கேட்டாங்க:

"இவரு போடலாமுல்ல தம்பி, கையெழுத்து?"

போடலாம்னு சொன்னேன். அவங்க நாற்காலியை மேசைப் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.